மடியில் உட்கார்ந்தால் எய்ட்ஸ் வருமா? வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். டூர், பார்ட்டி, திருவிழா மேடை என்று இடம் மாறுகிறது, அவ்வளவுதான். யாரோ மேலே பட்டார்கள், அதனால் என்ன வரும் என்பதுதான் கேள்வி. பெயர்களை எடுத்துவிட்டேன், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். திட்டச் சொல்லி யாரும் எழுதவில்லை, அதனால் திட்டவும் போவதில்லை.

கேள்வி: கொண்டலாம்பட்டி பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், வயது 43. ஒரு கம்பெனி டீலர் டூரில் பட்டாயா கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு பாரில் ஆடிக்கொண்டிருந்த பெண் என் மடியில் வந்து உட்கார்ந்து, கட்டிப்பிடித்து, கன்னத்திலும் கழுத்திலும் முத்தம் கொடுத்தாள். பத்து நிமிடம் இருக்கும். நான் ஜீன்ஸ் போட்டிருந்தேன், வேறு எதுவும் நடக்கவில்லை, சத்தியமாக. அன்று காலை ஷேவிங்கில் தாடையில் வெட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்த மூன்று வாரத்தில் மூன்று எச்.ஐ.வி. டெஸ்ட், எல்லாம் நெகட்டிவ். ஆனால் தொடை இடுக்கில் சிவப்பாக, வட்டமாக ஒன்று வந்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் இரண்டு மடங்காக வருகிறது. இது எய்ட்ஸ் ஆரம்பமா? முதுகு வலி என்று சொல்லி வீட்டில் தனியாகப் படுக்கிறேன்.

பதில்: நான்காவது டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதுதான் நடந்தது என்றால் எச்.ஐ.வி. வர வழியே இல்லை. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால், இவற்றில்தான் அந்த வைரஸ் தொற்றக்கூடிய அளவில் இருக்கும். அதுவும் அந்தத் திரவம் உங்கள் உடம்புக்குள் போயாக வேண்டும். வியர்வையால், எச்சிலால், கண்ணீரால் பரவாது. காலையில் பட்ட ஷேவிங் வெட்டு மாலைக்குள் உறைந்து மூடியிருக்கும், அதன் மேல் உதடு பட்டதால் ஒன்றும் ஆகாது. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறிப்போய் நர்ஸ் விரலில் குத்திவிடுகிறது என்று வையுங்கள். சிகிச்சை எதுவும் எடுக்காமல் விட்டால்கூட, ஆயிரம் முறை அப்படிக் குத்தினால் சுமார் மூன்று முறைதான் தொற்றுகிறது. நேராக ஊசி வழியாக ரத்தம் உள்ளே போன கதியே இது. ஜீன்ஸ் மேல் உட்கார்ந்ததை இதோடு ஒப்பிடவே முடியாது.

மூன்று வாரத்தில் எடுத்த டெஸ்ட் செல்லாது என்று லேபில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது சரிதான், வைரஸின் புரதத்தையும், அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை லேப் டெஸ்டுக்கு 45 நாள், ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் டெஸ்டுக்கு 90 நாள் கழித்துப் பார்த்தால்தான் முடிவு உறுதி. ஆனால் அந்த நாள் கணக்கெல்லாம் நிஜமாகவே ஆபத்துக்கு ஆளானவர்களுக்கு. ஆபத்தே இல்லாதவர் 90 நாள் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தால் தூக்கம் போகும், எடை குறையும், வயிறு கலங்கும், அப்புறம் அதையே எய்ட்ஸ் அறிகுறி என்று கூகுளில் தேடுவார். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் என் கிளினிக்கில் நிறைய. நிஜமாக நோய் உள்ளவர்கள் இவர்கள் அளவுக்குப் பதறுவதில்லை.

அப்படியானால் தொட்டால் எதுவுமே வராதா? வரும், ஆனால் நீங்கள் பயப்படும் நோய் வராது. அந்தப் பெண்ணின் உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளம் இருந்திருந்தால் முத்தத்தில் அது தொற்றக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. பட்டது கன்னமும் கழுத்தும் என்பதால் அதுவும் குறைவு, உதட்டுக்கு உதடு என்றால்தான் அதிகம். வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் அதே இடத்தில் கொத்தாகக் கொப்புளம் போட்டிருக்கும், உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. மேலும் உதட்டு ஹெர்பிஸ் வைரஸ் உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேரிடம் இருக்கிறது. சின்ன வயதில் அத்தை மாமா கொடுத்த முத்தத்திலேயே உங்களுக்கு வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இப்போது தொடைக்கு வருவோம். வட்டம், ஓரம் தடித்துச் சிவந்து நடுவில் தெளிவு, வியர்த்தால் அரிப்பு, கிரீம் போட்டால் அடங்கி நிறுத்தினால் பெருகுவது என்றால் அது படர்தாமரையாகத்தான் இருக்க வேண்டும். பூஞ்சைத் தொற்று. டூர் முழுக்க ஒரே ஜீன்ஸ், ஈர உள்ளாடை, வந்து இறங்கினால் சேலத்து வெயில், பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பெண்ணின் மேல் பழி போட இதில் இடமே இல்லை. நடுவில் ஜீன்ஸ் இருந்ததே!

உங்களைக் கெடுத்தது அந்த கிரீம். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைப் பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் கலந்த டியூபாக இருக்கும், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் அடக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாக வளரும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து கோடு கோடாகப் பிளந்து நின்றுவிடும், அது மறையாது. இப்படிப்பட்ட கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. விதி இருக்கிறது, டியூபும் கிடைக்கிறது. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் பூஞ்சை வகை டெர்பினாஃபைன் போன்ற பழைய மருந்துகளுக்குப் பல சமயம் மசிவதில்லை. அதனால் தோல் மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து, சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, கிரீமும் தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பதுதான் சரி. வாரக்கணக்கில் போட வேண்டியிருக்கும், அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாதீர்கள். டவல், லுங்கி, உள்ளாடை தனியாக இருக்கட்டும், வெயிலில் காயப் போடுங்கள்.

மனைவிக்கு உங்களிடமிருந்து தொற்றக்கூடியது இந்தப் படர்தாமரை ஒன்றுதான். அது ஆறும்வரை தள்ளிப் படுப்பது நல்லதுதான். காரணமாக முதுகு வலியைச் சொல்வதா, பட்டாயாவைச் சொல்வதா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு, அதில் நான் வரவில்லை.

கேள்வி: பெங்களூரில் ஒரு டான்ஸ் பாருக்குப் போனோம். அங்கே உட்கார்ந்த சோபா, கம்பி, டம்ளர், டாய்லெட் சீட் எதிலிருந்தாவது பால்வினை நோய் வருமா? (சூரமங்கலம் வாசகர்)

பதில்: வராது. எச்.ஐ.வி., கொனோரியா, சிபிலிஸ் எதற்கும் சோபாவில் காத்திருந்து ஆள் பிடிக்கும் திறமை இல்லை. டாய்லெட்டில் கை கழுவாமல் வந்து வேர்க்கடலை தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம்.

கேள்வி: அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் நண்பர்களோடு கோவா போய்விட்டு வந்தார். ஒரு மாதம் கழித்து அவருக்கு ராத்திரியானால் அரிப்பு, விரல் இடுக்கு, இடுப்பு, ஆணுறுப்பில்கூடச் சின்னச் சின்னக் கட்டி. இப்போது எனக்கும், இரண்டு வயதுக் குழந்தைக்கும், மாமியாருக்கும். போனில் பார்த்தால் பால்வினை நோய் வரிசையில் சிரங்கும் இருக்கிறது. அவர் அங்கே தப்பு செய்தார் என்று இதை வைத்துச் சொல்லலாமா டாக்டர்?

பதில்: சொல்ல முடியாதம்மா. கோபத்தில் கேட்கிறீர்கள், புரிகிறது, ஆனால் சிரங்குப் பூச்சியை நம்பி யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னப் பூச்சி அது, அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டை வைக்கும். கை குலுக்கியதும், ஒரு நிமிடம் கட்டிப்பிடித்ததும் பெரும்பாலும் போதாது, தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டியிருக்க வேண்டும். அதனால்தான் தாம்பத்திய உறவில் எளிதாகப் பரவுகிறது, பால்வினை நோய்ப் பட்டியலிலும் வருகிறது. அதே காரணத்தால்தான் ஒரே பாயில் படுக்கும் குழந்தைகளுக்கும், பாட்டி மடியில் தூங்கும் பேரனுக்கும், ஹாஸ்டலில் கட்டில் சேர்த்துப் படுக்கும் பையன்களுக்கும் பரவுகிறது. முதல் முறை வருகிறவருக்குப் பூச்சி ஏறி நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் அரிப்பே தொடங்கும். உங்கள் கணக்குப்படி கோவாவும் பொருந்துகிறது, மறுக்கவில்லை. அதே ஒரு மாதத்துக்கு முன்னால் நாமக்கல் ஹாஸ்டலிலிருந்து யாராவது பிள்ளை லீவுக்கு வந்து உங்கள் வீட்டில் படுத்திருந்தால் அதுவும் பொருந்தும். நாலு ஆண்கள் ஒரே லாட்ஜ் ரூமில் ஒரே போர்வைக்குள் படுத்ததும் பொருந்தும். ஆணுறுப்பில் கட்டி வந்ததையும் சாட்சியாக எடுக்காதீர்கள், ஆண்களுக்குச் சிரங்கு எங்கிருந்து வந்தாலும் அந்த இடத்தில் கட்டி போடும். அதைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோய், பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் ரகசிய நோய் நோட்டீஸைத் தேடிப் போகிறார்கள்.

வைத்தியம் லேசு, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பெர்மெத்ரின் 5 சதவீதம் கிரீம். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவர்களும்தான், ஒரே ராத்திரியில் போட வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்து அடி, தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல் தடவி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் காலையில் குளிக்க வேண்டும். குழந்தைக்குத் தலை, முகத்திலும் கண், வாயை விட்டுவிட்டுப் போட வேண்டியிருக்கும், அதை மட்டும் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. இன்றைக்கு உங்களுக்கு, நாளைக்கு மாமியாருக்கு, வேலை முடிந்து வந்ததும் அவருக்கு என்று பிரித்துப் போட்டால் பூச்சி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறிக்கொண்டே இருக்கும், கிரீம் காசுதான் வீண்.

துணி, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வையுங்கள், மனித உடம்பை விட்டு வந்தால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசினால் எரிச்சலுக்கு இதமாக இருக்கும், அதை மட்டும் நம்பினால் பூச்சி போகாது. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும். சரியாகவில்லை என்று நினைத்துத் தினமும் பெர்மெத்ரின் தடவி, அதனாலேயே தோல் எரிந்து வருகிறவர்களும் உண்டு.

கோவாவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள். வேறு உறவு இருந்தது என்று அவர் சொன்னால் அப்போது இரண்டு பேரும் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது. சிரங்கு வந்ததற்காக அல்ல, அந்த உறவுக்காக.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் பேச்சலர் பார்ட்டி. ஆடுவதற்கு வந்த இரண்டு பெண்களும் எங்களோடு வெந்நீர்த் தொட்டியில் இறங்கினார்கள். மறுநாள் எங்கள் ஐந்து பேருக்கும் ஷார்ட்ஸ் போட்ட இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாகச் சீழ்ப் பரு. அவர்களிடமிருந்து ஏதோ நோய் ஒட்டிவிட்டது என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஐந்து பேருக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி, ஷார்ட்ஸுக்கு அடியில் என்றால் தொட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். சூடோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா, வெந்நீரில் குளோரின் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் சரியாகப் பராமரிக்காத தொட்டிகளில் நன்றாக வளரும். ஈரத்துணி ஒட்டியிருக்கும் இடத்தில் மயிர்க்கால் வழியாக உள்ளே போய்ப் பரு போடும். சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வரும், பெரும்பாலும் வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும். கிள்ளாதீர்கள், அங்கே ஷேவ் செய்யாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். அந்த இரண்டு பெண்களுக்கும் இந்நேரம் இதே பரு வந்திருக்கும். ரிசார்ட்டுக்குப் போன் செய்து தண்ணீரை மாற்றச் சொன்னீர்களா?

கேள்வி: நான் ஆடல் பாடல் குழுவில் ஆடுகிறேன். ஓமலூர், ஆத்தூர், தர்மபுரி என்று திருவிழா சீசனில் தூக்கமே இருக்காது. வேனுக்குள் டிரெஸ் மாற்றுகிறோம், ஒரே பவுடர் பஃப், ஒரே லிப்ஸ்டிக், அவசரத்தில் ஒரே ரேசர். குடித்துவிட்டு மேடையேறுகிறவர்கள் ரூபாய் நோட்டைக் குண்டூசியால் டிரெஸ்ஸில் குத்துகிறேன் என்று கையைப் பிடிப்பார்கள், இடுப்பைத் தொடுவார்கள். இடுப்பைச் சுற்றியும் கழுத்திலும் எனக்குக் கறுப்பாகப் படை வந்திருக்கிறது. எங்கள் தெருவில், இவளுக்குச் சீக்கு, தொட்டால் ஒட்டும் என்கிறார்கள். எனக்கு என்ன இருக்கிறது, இனி என்ன வரும், சொல்லுங்கள் அக்கா.

பதில்: மற்ற கடிதம் எல்லாவற்றிலும் உங்களைப் போன்றவர்களிடமிருந்து என்ன ஒட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு என்ன ஒட்டும் என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். பார்க்க வருகிறவர் ஒரு ராத்திரியில் ஒருவரைத் தொடுகிறார், மேடையில் நிற்கும் உங்கள் மேல் எத்தனை பேர் கை படுகிறது! தோல் வழியாகப் பரவும் எதுவாக இருந்தாலும் அது அவர்களிடமிருந்து உங்களுக்கு வருவதற்குத்தான் அதிக வழி.

படையை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் உட்காரும் அதே கோட்டில், கழுத்தில் செயின் கிடக்கும் அதே கோட்டில் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது நிக்கல் அலர்ஜி. கவரிங் நகை, மேடை நகைகளில் நிக்கல் கலந்திருக்கும், வியர்வையில் கரைந்து தோலில் இறங்கும். முதலில் சிவந்து அரிக்கும், போகப் போகக் கறுத்துத் தடிக்கும். இது யாருக்கும் ஒட்டாது. உங்கள் தெருக்காரர்கள் உங்களைக் கட்டிப்பிடித்தாலும் ஒட்டாது. நகைக்கும் தோலுக்கும் நடுவே பருத்தித் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், பூட்டு படும் இடத்திலும். ஜரிகை, மினுக்கி ஒட்டும் பசையும் சிலருக்கு ஆகாது. இதெல்லாம் இல்லாமல் வட்ட வட்டமாகப் பரவினால் படர்தாமரை. அடுத்தவர் வியர்வையில் நனைந்த டிரெஸ்ஸை நீங்கள் போடுவதில் அது வரும், முதல் பதிலில் கிரீமைப் பற்றிச் சொன்னதெல்லாம் உங்களுக்கும்தான்.

நான் நிஜமாகப் பயப்படுவது அந்த ரேசருக்கும் குண்டூசிக்கும். மேடையில் வந்து குத்துகிறவன் எத்தனை பேரைக் குத்திய பின்னை எடுத்து வருகிறான் என்று யாருக்குத் தெரியும். எச்.ஐ.வி.யைவிட இதில் ஹெபடைட்டிஸ் பி முக்கியம். அது பல மடங்கு எளிதாகத் தொற்றும், காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும், கல்லீரலைக் கெடுக்கும். தடுப்பூசி இருக்கிறது, முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. குழுவில் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், ஆண் ஆட்டக்காரர்களும். ரேசர் ஆளுக்கு ஒன்று, விலை ஒரு டீக்காசு. லிப்ஸ்டிக்கும் கண் மையும் தனித்தனி. ஒருத்திக்கு உதட்டில் கொப்புளம் வந்தால் அந்த லிப்ஸ்டிக்கில் மற்றவர்களுக்கும் வரலாம், ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ வந்தால் அந்த மையில் வேன் முழுக்க வரும். பணம் தருகிறவர் தட்டில் போடட்டும், இல்லை என்றால் மைக் பிடிக்கிறவரிடம் கொடுக்கட்டும் என்று ஒப்பந்தம் பேசும்போதே விழாக் கமிட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். மேடையேறி இடுப்பைத் தொடுவது ரசனை கிடையாது, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 74ஆம் பிரிவில் வரும். பெண்கள் உதவி எண் 181.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான், 1986ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அன்றைக்குச் சோதித்தது காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தை. அந்தப் பெண்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனவர்களை யாரும் எந்தக் காப்பகத்திலும் வைக்கவில்லை. உங்கள் தெருவில் பேசுகிறவர்கள் இன்னும் அந்த வருடத்தில்தான் இருக்கிறார்கள். உங்களை டெஸ்ட் எடுத்து வா என்று குழு முதலாளியோ வீட்டுக்காரரோ கட்டாயப்படுத்த முடியாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, வேலைக்கு நிபந்தனையாகவும் கேட்கக் கூடாது.

கேள்வி: அஸ்தம்பட்டியில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன், வயது 25. ஒரு மசாஜ் சென்டரில் உடலுறவு இல்லை, ஆனால் உடைகள் இல்லாமல் பிறப்புறுப்புகள் உரசின. இதுவும் சும்மா தொட்டதுதானே?

பதில்: இல்லை, இது வேறு. கை, தோள், முதுகு தொடுவதும் பிறப்புறுப்புத் தோல்கள் உரசுவதும் ஒன்றல்ல. திரவம் உள்ளே போகவில்லை என்றால் எச்.ஐ.வி. வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் ஹெர்பிஸ், எச்.பி.வி. வைரஸால் வரும் மரு, பாலுண்ணி, சிபிலிஸ் புண் இவற்றுக்கு அந்த உரசலே போதும். சிபிலிஸ் புண் வலிக்காது, சராசரியாக மூன்று வாரத்தில் வரும், அப்புறம் தானாக மறைந்துவிடும், மறைந்தது குணமானதாகாது. பென்சிலின் ஊசியில் முழுதாகச் சரியாகும். பாலுண்ணி நடுவில் குழிவிழுந்த சின்ன முத்து மாதிரி இருக்கும், இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். அதன் மேல் ஷேவ் செய்தால் வரிசையாகப் பரவும்.

உடலுறவே நடந்து, ஆணுறை இல்லை அல்லது கிழிந்துவிட்டது என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் 28 நாள் மாத்திரையில் எச்.ஐ.வி.யைத் தடுக்க முடியும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்கள் விஷயத்துக்கு அந்த அவசரம் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் இருக்கின்றன, நம்பிக்கை மையத்தில் டெஸ்டும் ஆலோசனையும் இலவசம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் பேசுங்கள், அதுவும் இலவசம். இப்போது புண் எதுவும் இல்லை என்றாலும் ஆறு வாரம் கழித்து ஒரு முறையும், மூன்று மாதத்தில் ஒரு முறையும் சிபிலிஸுக்கு ரத்தம் கொடுங்கள். அதுவரை புதிதாக யாரோடும் வேண்டாம்.